பராமரிப்பு

ஆராய்தல், எண்ணிப்பார்த்தல் எனப் பொருள்படும் 'பராமர்ச' என்ற வடசொல்லின் வழி வந்த சொல். பின்னர் பேணிக் காத்தலைக் குறித்தது. தமிழ்க் கிறித்தவ வழக்கில் 'இறைப் பராமரிப்பு' என்பது கடவுள் படைப்பனைத்தையும் அதன் நிறைவை நோக்கி நடத்திக் காப்பதாகும். இணையான இலத்தீன் சொல் 'முன்கூட்டிப் பார்த்தல்' என்பதிலிருந்து பிறந்தது.

எல்லாவற்றையும் நடத்துபவர் கடவுள் என்றால் மனிதனின் தன்விருப்பத்துக்கு இடமேது? இறையியல் மாணவர் எதிர்கொள்ளும் கடினமான வினா இது. இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாவின் விடை ஆழமானது: கடவுள் முதற்காரணர், மனித விருப்பம் இரண்டாம் காரணம், அதை நசுக்காமல் அதன் வழியாகவே அவர் செயல்படுகிறார். எனவே பராமரிப்பைத் தலைவிதி என்று கொள்வது பிழை. ஆதாமின் பாவத்தாலும் தன்விருப்பம் அழிந்துவிடவில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் 1547இல் அறிவித்தது.