ஐந்து துப்பாக்கிகள்

என் தாய்மாமனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பந்தல்காரர்கள் மூங்கிலைப் பிரித்துக் கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்துவதுபோல் மெதுவாக மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார். மாமாவின் படத்துக்கு முன்னால் சற்று நேரம் நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வீட்டிலே ரெண்டு துப்பாக்கி இருக்கணுமே, சார்?" என்றார்.

இருந்தன. லைசென்ஸ் மாமாவின் பேரில் இருந்தது. லைசென்ஸ் என்பது மனிதனோடு பிறந்து மனிதனோடு போவது. அவர் கண்ணை மூடிய கணத்திலிருந்து அந்த வீட்டில் இருந்த எவருக்கும் அந்தத் துப்பாக்கிகளை வைத்திருக்கப் பாத்தியதை இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அல்லது லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் ஒப்படைக்க வேண்டும். வாரிசு விரும்பினால் தன் பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம், விரும்பாவிட்டால் விற்கலாம். இரண்டும் செய்யாமல் கெடுவைக் கடத்தினால், துப்பாக்கி சர்க்காருக்குப் போய்விடும். மாமா கல்யாணம் செய்துகொள்ளாதவர். வாரிசு என் அம்மாதான். அம்மாவுக்கு எழுபது வயது. துப்பாக்கி லைசென்ஸ் எதற்கு? விற்பது என்று முடிவாயிற்று. விற்கும் வேலை என் தலையில் விழுந்தது.

துப்பாக்கி என்றதும் வேட்டைக் கதையை எதிர்பார்க்கும் வாசகர்களுக்கு ஏமாற்றமே காத்திருக்கிறது. சிறுமலை அடிவாரத்தில் எங்கள் தாத்தாவுக்குக் கொஞ்சம் நஞ்சையும் நிறையக் கடனும் இருந்தன. ஜமீன் கிமீன் ஒன்றும் கிடையாது. கடலைக் கொல்லையில் பன்றி இறங்கினால் ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். பன்றி ஓடிவிடும், தாத்தா வந்து படுத்துக்கொள்வார். அவ்வளவுதான் ஷிகார். ஆனாலும் அவரிடம் ஐந்து துப்பாக்கிகள் இருந்தன. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகள் இரண்டு. அவருடைய தகப்பனார் வாங்கிய, வெளியே சுத்தி தெரியும் இரட்டைக்குழல் ஒன்று. கிரீனர் கம்பெனியின் ஒற்றைக்குழல் ஒன்று. சுத்தி உள்ளே மறைந்திருக்கும் இரட்டைக்குழல் ஒன்று. அதன் இரண்டு குழல்களுக்கும் நடுவே 'பி. ஆர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கும். மவுண்ட் ரோடில் கடிகாரத்துக்குப் பேர்போன அதே கம்பெனிதான். அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள்.

இந்த ஐந்து எப்படி இரண்டாயிற்று என்பதிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1983-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள் இரண்டும் போயின. 2019 டிசம்பரில் மறுபடி திருத்தி, மூன்றை இரண்டாக்கினார்கள். மிகுதியை ஒப்படைக்க ஒரு வருஷம் தவணை. மாமா யோசித்து யோசித்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த கிரீனரைக் கொடுத்துவிட்டு, தாத்தாவின் தகப்பனார் வாங்கிய பழசை வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் அப்போது கேட்கவில்லை.

மதுரையில் ஒரு வியாபாரியிடம் போனேன். எண்பதை நெருங்கியவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதலில் மவுண்ட் ரோடு துப்பாக்கியை மடக்கிப் பார்த்தார்.

"இது பட்டணத்திலே செஞ்சதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா, சார்? பேர்தான் பட்டணம். பிறந்தது பர்மிங்காம்" என்றார்.

குழலைக் கழற்றிக் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். கிரீடம் போட்ட சிறிய முத்திரைகள் இருந்தன. 1813-இல் பர்மிங்காமில் ஏற்பட்ட சோதனைச் சாலையில், அளவுக்கு மீறிய மருந்தை வைத்து வெடித்துப் பார்த்து, குழல் தாங்கினால்தான் அந்த முத்திரை விழும். அந்த ஊரில் ஒரு பட்டறையில் குழல், இன்னொன்றில் விசை, வேறொன்றில் கட்டை என்று செய்து சேர்ப்பார்களாம். சேர்த்தபின் எந்த ஊர்க் கடைக்குப் போகிறதோ அந்தக் கடையின் பேர் அதில் ஏறும். உள்ளே இருந்த இயந்திர அமைப்பு, ஆன்சன், டீலி என்ற இருவர் 1875-இல் கண்டுபிடித்தது. இன்றைக்கும் அதைத்தான் உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். 'பன்னிரண்டு போர்' என்றால் என்ன என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அதில் ஓர் உருண்டை எந்த வாய்க்குச் சரியாக இருக்குமோ அந்த வாய்.

பிறகு பழசை எடுத்தார். எடுத்தவர் பேசவில்லை. வெளிச்சத்தில் திருப்பினார். குழல் நெடுகப் பட்டுப் புடவையின் கரைபோல நெளிநெளியாகக் கோலம். டமாஸ்கஸ் குழல் என்று பேர். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கி, கம்பியின்மேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். அமிலத்தில் தோய்த்தால் கோலம் எழும்பும். டமாஸ்கஸ் வாளுக்கு நம் சேலத்துப் பக்கத்து உருக்கு போயிற்று என்று படித்த ஞாபகத்தில் நான் பெருமையோடு வாயைத் திறந்தேன். "அது வேற, சார். பேர் மட்டும்தான் ஒண்ணு" என்று அவர் அடக்கிவிட்டார்.

"அழகு. ஆனா வாங்க மாட்டேன்" என்றார். அது கரிமருந்துக் காலத்துக் குழல். இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து. அதற்குச் சோதித்த முத்திரை இந்தக் குழலில் இல்லை. சுட்டால் தாங்கலாம், கையோடு பிளந்தும் போகலாம். சுட முடியாத துப்பாக்கியானால் அலங்காரத்துக்கு வைக்கலாமே என்றேன். அதுவும் நடக்காது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலைக்குப் போன பழம்பொருளுக்குத்தான் சட்டம் விலக்குத் தருகிறது. இதுவோ தோட்டாவைப் போட்டு விசையை இழுத்தால் வெடிக்கும். "வெடிக்கக் கூடாது, ஆனா வெடிக்கும். அதுதான் இதுக்குத் தோஷம்" என்றார் கிழவர், ஜாதகம் பார்த்ததுபோல.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. பன்றிக்கு ஒன்று போதுமே, தாத்தாவுக்கு எதற்கு ஐந்து?

பாளையக்காரர் போரை நாம் பள்ளிக்கூடத்தில் கட்டபொம்மனோடும் மருது சகோதரர்களோடும் முடித்துவிடுகிறோம். 1801 அக்டோபரில் மருதுவைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு அடுத்து நடந்ததுதான் நம் கதைக்கு வேண்டியது. அந்த டிசம்பர் முதல் தேதி, சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் செய்தார். தென்சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும். கோட்டைகளை இடிக்க வேண்டும். வேலும் வளரியும் துப்பாக்கியும் வீட்டுச் சாமானாக இருந்த சீமை அது. 1857-க்குப் பிறகு தேசம் முழுவதற்கும் அதே வைத்தியம். 1878-இல் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, வெள்ளைக்காரருக்கு விலக்கு. அதே வருஷம் அவர் கொண்டுவந்த சுதேசிப் பத்திரிகைச் சட்டத்தை, பின்னால் வந்த ரிப்பன் பிரபு எடுத்துவிட்டார். ஆயுதச் சட்டத்தை எடுக்கவில்லை. பேனாவை மன்னித்தார்கள், துப்பாக்கியை மன்னிக்கவில்லை. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் வந்தது. சட்டம் அசையவில்லை. சுதந்திரம் வந்து பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1959-இல்தான் அதற்குப் பதிலாக வேறு சட்டம் வந்தது.

எல்லாரிடமிருந்தும் பிடுங்கிய ஒரு பொருளைச் சிலருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தால் அது பட்டமாகிவிடுகிறது. துரைத்தனம் நம்பும் மனிதர் என்பதற்குச் சுவரில் தொங்கும் துப்பாக்கியே அத்தாட்சி. ஒன்று இருந்தால் ஒரு மரியாதை; ஐந்து இருந்தால் ஐந்து மரியாதை. தாத்தாவின் கணக்கு அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"உனக்கு ஒண்ணு தெரியாது. வருஷா வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்க அப்பா போவார். எனக்கு ஏழெட்டு வயசு. ஒரு தடவை நானும் கூடப் போனேன். துப்பாக்கியைத் துணியிலே சுத்தி, பிள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கிக்கிட்டு வந்தார். அந்த ஆபீஸிலே இருந்தவன் என் அண்ணன் வயசுகூட இருக்க மாட்டான். அப்பாவை உட்காருன்னு சொல்லலை. மத்தியானம் வரைக்கும் நின்னார். கடைசியிலே கையெழுத்தைப் போட்டு, புஸ்தகத்தை மேஜைமேலே தூக்கிப் போட்டான். அப்பா கும்பிட்டுட்டு எடுத்துக்கிட்டார். வெளியே வந்து எனக்குக் கலர் வாங்கிக் கொடுத்தார். வீட்டிலே சொல்லாதேன்னார்."

"சொன்னியா?"

"இப்பத்தான் சொல்றேன்."

அண்ணனுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும் என்றாள். அன்று தாத்தா தூக்கிக்கொண்டு போனது அந்தப் பழைய துப்பாக்கியைத்தான்.

மவுண்ட் ரோடு துப்பாக்கிக்கு ஆள் கிடைத்தது. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். லைசென்ஸில் ஓர் இடம் காலி. அந்தக் காலியிடம்தான் விலையை நிர்ணயிக்கிறது. ஆளுக்கு இரண்டு என்று ஆன பிறகு விற்பவர்கள் நிறைய, இடம் உள்ளவர்கள் குறைவு. விற்கப் போகிறோம் என்று எழுத்து மூலம் அறிவித்து நாற்பத்தைந்து நாள் காத்திருந்தோம். பணம் வந்தது. மாமாவின் ஆஸ்பத்திரிக் கடனில் பாதி தீர்ந்தது.

பழசை வாங்க யாரும் வரவில்லை. கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது அம்மா ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றாள். சர்க்காருக்குப் போகுமுன் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். பந்தல் பிரிக்கிற அன்று வந்த அதே போலீஸ்காரர் இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா" என்றார். அம்மா உட்கார்ந்தாள். அவர் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேஜைமேல் மெதுவாக வைத்தார். அம்மா புடவைத் தலைப்பால் குழலின் தூசியைத் துடைத்தாள். கோலம் பளிச்சென்று தெரிந்தது.

"ரசீதிலே எங்க அப்பா பேர் இருக்குமா?" என்று கேட்டாள்.

அவர் ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்தார். மாமாவின் பேர் இருந்தது, நம்பர் இருந்தது. 'இரட்டைக்குழல், பழையது - 1' என்று இருந்தது.

"லைசென்ஸ்காரர் பேர்தாம்மா எழுதுவோம்" என்றார்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தாள்.