சிட்டி கல்லூரியின் இரட்டைக் கிரீடம்

1950-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பத்து நாள் இடைவெளியில், ஒரே அரங்கில், ஒரே எதிரணியை இரண்டு முறை தோற்கடித்து, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் இரண்டு பெரிய பட்டங்களையும் ஓர் அணி வென்றது. தேசிய அழைப்புப் போட்டி ஒன்று, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்தும் போட்டி மற்றொன்று. ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் வென்ற ஆண்கள் அணி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விதிகள் மாறிவிட்டமையால் இனி எவரும் வெல்லவும் இயலாது. அந்த அணி நியூயார்க் சிட்டி கல்லூரியினுடையது. பதினோரு மாதங்களுக்குப் பிறகு அதன் முக்கிய வீரர்கள் கைது செய்யப்பட்டனர்.

இவ்வணியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வெற்றியை வேகமாகக் கடந்து கைதுக்கு வந்துவிடுகிறார்கள். அது நியாயமல்ல என்பது என் எண்ணம். முதலில் அந்தக் கல்லூரியைப் பார்க்கவேண்டும்.

ஹார்லெம் பகுதியின் மேட்டில், சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டியெடுத்த கரும்பாறைகளைக் கொண்டு எழுப்பப்பட்ட கட்டடங்கள் கொண்டது சிட்டி கல்லூரி. 1847-இல் டவுன்சென்ட் ஹாரிஸ் என்ற வணிகரின் முயற்சியால் உருவானது. கல்விக் கட்டணம் கிடையாது. பள்ளி மதிப்பெண் போதிய அளவு இருந்தால், தந்தை தையற்காரரா தள்ளுவண்டிக்காரரா என்று எவரும் கேட்பதில்லை. பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களின் எண்ணிக்கைக்கு மறைமுகமாக வரம்பு கட்டியிருந்த காலத்தில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த மேடுதான் ஒரே படிக்கட்டு. போலியோ தடுப்பூசியைக் கண்டறிந்த ஜோனாஸ் சால்க் இங்கே படித்தவர். மளிகைக் கடைக்காரரின் மகனான பெர்னார்ட் மாலமுட் என்ற எழுத்தாளரும் அப்படியே. அவருடைய முதல் நாவல் 1952-இல் வெளிவந்தது. ஆட்டத்தைத் தோற்றுக்கொடுக்கப் பணம் வாங்கும் ஒரு பேஸ்பால் வீரனின் கதை அது. நாவலுக்கான தூண்டுதல் வேறு, காலம் வேறு. எனினும், தான் படித்த கல்லூரியின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டுக்கொண்டிருந்த நாட்களை ஒட்டியே அந்த நூல் அச்சேறியது என்பதை வாசிக்கும்போது மறக்க முடிவதில்லை.

பயிற்சியாளர் நாட் ஹோல்மன். மன்ஹாட்டனின் கீழ்கிழக்குப் பகுதியில் புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்தில் பிறந்து, கூடைப்பந்தைத் தொழிலாக ஆடிய முதல் தலைமுறையின் பெரும்புகழ் வீரராக விளங்கியவர். 1919 முதலே சிட்டி கல்லூரியின் பொறுப்பில் இருந்தார். அவர் கற்பித்த ஆட்டத்தில் உயரத்துக்கும் தோள்வலிமைக்கும் இரண்டாம் இடம்தான். பந்தைக் கையில் வைத்திருப்பவனைவிட, பந்தில்லாமல் ஓடுபவனே அவருக்கு முக்கியம். ஐவரும் ஓயாமல் இடம் மாறவேண்டும், ஒருவன் எங்கே போகப்போகிறான் என்பதை மற்றவன் பாராமலே அறிந்திருக்கவேண்டும். நெரிசலான தெருக்களின் சிறிய ஆடுகளங்களில் வளர்ந்த பையன்களுக்கு இது இயல்பாகவே வந்தது.

அந்த ஆண்டின் முதல் ஐவரில் எட் வார்னரும் ஃப்ளாய்ட் லேனும் கறுப்பினத்தவர். எட் ரோமன், அல் ராத், அணித்தலைவர் இர்வின் டாம்ப்ராட் ஆகிய மூவரும் யூதர்கள். தொழில்முறைக் கூட்டமைப்பான என்.பி.ஏ.வில் அன்று ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. விளையாடுவதற்காக இவர்களுக்கு உதவித்தொகை ஏதும் கிடையாது, தங்கும் விடுதியும் கிடையாது. ஆட்டம் முடிந்ததும் சுரங்க ரயிலேறி வீட்டுக்குப் போவார்கள்.

மாடிசன் சதுக்கத் தோட்டம் என்ற பேரரங்கில் சுமார் 18,000 பேர் அமரலாம். நெட் ஐரிஷ் என்பவர் 1934-லிருந்து அங்கே ஒரே இரவில் இரண்டு கல்லூரி ஆட்டங்களை நடத்திப் பெருவருவாய் ஈட்டத் தொடங்கியிருந்தார். பார்வையாளர்களில் கணிசமானோர் சூதாடிகள் என்பதை அரங்கில் இருந்த அனைவரும் அறிவார்கள்.

பதினேழு வெற்றி, ஐந்து தோல்வியுடன், தேசியத் தரவரிசையில் இடமில்லாமல் சிட்டி கல்லூரி அழைப்புப் போட்டிக்குள் நுழைந்தது. முந்தைய ஆண்டின் வெற்றியாளரான சான் ஃபிரான்சிஸ்கோவை 65-46 என வென்றது. அடுத்து கென்டக்கி. அடால்ஃப் ரப் பயிற்றுவித்த அந்த அணி முழுக்க வெள்ளையர்களைக் கொண்டது, 1948, 1949 இரு ஆண்டுகளிலும் தேசியப் பட்டம் வென்றது. அவர்களுடைய நடு ஆட்டக்காரர் பில் ஸ்பைவி ஏழடி உயரம். தொடக்கப் பந்தை அவரிடமிருந்து பறிப்பதற்காகவே, வழக்கமாக அமர்ந்திருக்கும் லீராய் வாட்கின்ஸ் என்ற கறுப்பின வீரரை ஹோல்மன் களத்துக்கு அனுப்பினார். வாட்கின்ஸ் உயர எழும்பிப் பந்தைத் தட்டினார். ஆட்டத்துக்கு முன் கென்டக்கி வீரர்கள் சிலர் கைகுலுக்க மறுத்ததாகச் சிட்டி வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். முடிவு 89-50. ரப்பின் வாழ்நாளில் அத்தகைய தோல்வி வேறில்லை.

அரையிறுதியில் டுகேன் கல்லூரியை வென்றார்கள். அதில் ஆடிய சக் கூப்பர்தான் மறுமாதமே என்.பி.ஏ. அணியொன்று தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின வீரர் ஆனார். மார்ச் 18 இறுதி ஆட்டத்தில், தரவரிசையில் முதலிடத்திலிருந்த பிராட்லியை 69-61 என வீழ்த்தினார்கள். தொடரின் சிறந்த வீரராக வார்னர் தேர்வானார். ஹார்லெமில் அத்தையின் பராமரிப்பில் வளர்ந்த தாய்தந்தையற்ற பையன் அவர்.

மார்ச் 28 அன்று மீண்டும் பிராட்லி. கடைசி நொடிகளில் சிட்டி ஒரே ஒரு புள்ளி முன்னிலை. பிராட்லியின் ஜீன் மெல்கியோர் பந்துடன் கூடையை நோக்கிப் பாய்ந்தார். டாம்ப்ராட் அதைத் தட்டிப் பறித்து, தலைநிமிர்ந்து, எதிர்முனையை நோக்கி நீளமாக எறிந்தார். அங்கே நார்ம் மேகர் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். அன்றைய ஆட்டத்திலேயே தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர். 71-68. அடுத்த நாள் கல்லூரியில் வகுப்புகள் நடக்கவில்லை.

இனி, இரண்டாம் பாதி. சூதாட்டத் தரகர்கள் அக்காலத்தில் ஒரு புதிய முறையைப் பரப்பியிருந்தார்கள். யார் வெல்வார் என்று பந்தயம் வைப்பதில்லை, எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்வார் என்றே வைப்பது. பத்துப் புள்ளியில் வெல்லும் என்று எதிர்பார்க்கப்படும் அணி நான்கு புள்ளியில் வென்றாலும், எதிர்ப்பக்கம் பணம் கட்டியவனுக்கு லாபம். எனவே வீரனிடம் வந்து, தோற்றுவிடு என்று கேட்கவேண்டியதில்லை. கொஞ்சம் குறைவாக வென்றால் போதும், யாருக்கும் நஷ்டமில்லை என்று சொன்னால் போதும். இந்த வாதத்தின் நயவஞ்சகத்தை இருபது வயதில் உடனே இனங்காண்பது எளிதல்ல. வழி தொடங்கிவிட்டால் அது தோல்வியிலும் போய் முடியும். சிட்டி வீரர்கள் 1950-51 பருவத்தில் மிசௌரி, அரிசோனா, பாஸ்டன் கல்லூரி ஆகிய மூன்று அணிகளிடம் பணத்துக்காகத் தோற்றே போனார்கள்.

அவர்களை விலைபேசியவர் சால்வடோர் சொலாஸோ என்ற நகை வணிகர். இடையில் நின்றவர் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் ஆடிய எடி கார்ட். விலை, ஆளுக்கு ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு டாலர். 1951 ஜனவரியில் மன்ஹாட்டன் கல்லூரியின் முதல் கறுப்பின வீரரான ஜூனியஸ் கெல்லாக், தனக்கு ஆயிரம் டாலர் தர முன்வந்ததைப் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னார். அங்கிருந்து அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் விசாரணை விரிந்தது. பிப்ரவரி 18 அதிகாலை, ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் அணியை வென்றுவிட்டு ரயிலில் திரும்பிய வார்னர், ரோமன், ராத் மூவரும் பென் நிலையத்தில் பிடிபட்டனர். எஞ்சியிருந்த லேனை மாணவர்கள் தங்கள் கடைசி நம்பிக்கையாகக் கொண்டாடினார்கள். சில நாட்களில் அவரும் கைதானார். அவர் வீட்டுப் பூந்தொட்டியிலிருந்து மூவாயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவான பணம் எடுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதியை அவர் செலவழிக்கவே இல்லை என்பதை நினைத்துப் பார்க்கிறேன். மார்ச்சில் டாம்ப்ராட், மேகர், ஹெர்ப் கோஹன். இவர்கள்மீதான குற்றச்சாட்டு முந்தைய பருவத்து ஆட்டங்களைப் பற்றியது. அதாவது, இரட்டைக் கிரீடம் சூடிய அதே பருவம்.

இங்கேதான் எனக்குச் சங்கடம். பட்டம் வென்ற ஆட்டங்கள் எதுவும் விலைபோனதாக எவரும் நிறுவவில்லை, பட்டங்களும் பறிக்கப்படவில்லை. ஆனால் அவற்றை ஆடிய கைகளில் சில, ஏற்கெனவே பணம் வாங்கியிருந்தன. கென்டக்கியை முப்பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்தியது உண்மை, அரிசோனாவிடம் மூன்று புள்ளியில் தோற்றதும் அதே ஆட்டக்காரர்கள்தாம். கூட்டாளி எங்கே போவான் என்று பாராமலே அறியும் திறமை இரண்டுக்கும் தேவைப்பட்டது.

தன் பையன்களைச் சூதாடிகள் நெருங்கவே முடியாது என்று ரப் பெருமையுடன் அறிவித்தார். அக்டோபரில் அவருடைய அலெக்ஸ் க்ரோஸா, ரால்ஃப் பேர்ட், டேல் பார்ன்ஸ்டபிள் கைதானார்கள். கென்டக்கி 1952-53 பருவம் முழுவதும் ஆட இயலாமல் போனது. பிராட்லியின் மெல்கியோரும் சிக்கினார். ஹோகனின் கணக்கில் ஏழு கல்லூரிகள், 32 வீரர்கள், 86 ஆட்டங்கள்.

நீதிபதி சால் ஸ்ட்ரைட் சொலாஸோவுக்கு எட்டு முதல் பதினாறு ஆண்டுச் சிறை விதித்தார். வீரர்கள் பலருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, வார்னர் ஆறு மாதம் சிறை சென்றார். விசாரணை இன்னொன்றையும் வெளிக்கொணர்ந்தது. அணிக்காகச் சில மாணவர்களின் பள்ளி மதிப்பெண் பதிவுகள் திருத்தப்பட்டிருந்தன. மதிப்பெண் ஒன்றையே நுழைவாயிலாகக் கொண்ட கல்லூரியில் அது நடந்ததுதான், என்னைப் பொறுத்தவரை, பூந்தொட்டிப் பணத்தைவிடக் கனமான செய்தி. பணம் வாங்கியவர்கள் பையன்கள். பதிவேட்டைத் திருத்தியவை பெரியவர்களின் கைகள். அரங்கின் வருவாயில் பங்கு பெற்றவர்களைப் பற்றி எந்த வழக்கும் இல்லை.

ஹோல்மன் 1952-இல் இடைநீக்கம் செய்யப்பட்டு 1954-இல் மீண்டும் சேர்க்கப்பட்டார். கல்லூரி அந்தப் பேரரங்கைவிட்டு விலகி, சிறிய கல்லூரிகளுடன் ஆடத் தொடங்கியது. அதன் இலவசக் கல்வி 1976-இல் நகரத்தின் நிதிநெருக்கடியில் முடிவுக்கு வந்தது. என்.பி.ஏ. இவர்கள் எவரையும் உள்ளே விடவில்லை. டாம்ப்ராட் பல் மருத்துவரானார். ரோமன் உளவியல் படித்துப் பள்ளிகளில் பணியாற்றினார். வார்னரின் வாழ்க்கை போதைப்பொருள் வழக்கு, மீண்டும் சிறை, பின் ஒரு சாலை விபத்து என்று நகர்ந்து 2002-இல் முடிந்தது.

லேன் பிராங்க்ஸ் பகுதியின் சமூக மையங்களில் ஏழைச் சிறுவர்களுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். 1974-இல் சிட்டி கல்லூரி அவரையே தன் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது, 1988 வரை அப்பொறுப்பில் இருந்தார். பிராங்க்ஸில் அவரிடம் வந்த சிறுவர்களில் ஒருவர் நேட் ஆர்ச்சிபால்ட். லேனுக்கு மூடியிருந்த என்.பி.ஏ.வில் 1972-73 பருவத்தில், சராசரியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவரும், பிறர் புள்ளியெடுக்க அதிகமாகப் பந்து வழங்கியவரும் அவரே.