முகாமிலிருந்து கல்லூரிக்கு: கரிசல் வட்டாரத்தை முன்வைத்து இலங்கைத் தமிழ் மாணவர் உயர்கல்வியின் நாற்பதாண்டு வரலாறு

எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியிலும் விருதுநகர் மாவட்டத்துக் குல்லூர்சந்தையிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. சுற்றிலும் மானாவாரிக் கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, கம்பு, மக்காச்சோளம் விதைக்கும் நிலம். மழை பொய்த்தால் தீப்பெட்டி ஆலையும் பட்டாசு ஆலையும்தான் கஞ்சி ஊற்றும். அதனால் இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் படிப்பு என்பது மழையின் பிடியிலிருந்து விடுபடும் வழி. வாத்தியார் வேலை, போலீஸ், பட்டாளம், தாலுகா அலுவலகம், வெளிநாடு என்று அது ஒரு தலைமுறையைக் கரையேற்றியிருக்கிறது. அதே மண்ணில் பிறந்து, அதே பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த முகாம் பிள்ளைகளுக்குக் கல்லூரி வரை அந்த வழி திறந்திருக்கிறது. பட்டம் வாங்கிய மறுநாள் அடைபடுகிறது. இந்த நிலை எப்படி உருவானது? முகாம் மாணவருக்கான உயர்கல்வி ஆதரவு தொடக்கம் முதலே அரசின் இரக்கமாக வந்தது, சட்டத்தின் உரிமையாக வரவில்லை. இரக்கத்தால் தந்ததை ஓர் அரசியல் அதிர்ச்சி பறித்துக்கொள்ள முடிந்தது. பின்னர் அது திரும்பி வந்தபோதும், கல்லூரி வாசலோடு நின்றுவிட்டது. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் வாதம்.

கதை 1983-க்கு முன்பே தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் அனுப்பிய பகுதிகளில் திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளின் வறண்ட கிராமங்கள் முக்கியமானவை. அந்தத் தோட்டங்களில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களை 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. மீதமிருந்த 1,50,000 பேரையும் 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்படிக் கப்பலேறித் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்' ஆனார்கள். குடியுரிமை கிடைத்தது. மறுவாழ்வுக்கென்றே அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அவர்களின் பிள்ளைகள் படித்து அரசுப் பணிக்கும் போக முடிந்தது. போர் மூண்டு 1984-இல் கப்பல் நின்றது. அதன் பிறகு படகில் தப்பி வந்த மலையகத் தமிழர் எனப்படும் தோட்டத் தமிழர், அதே ஊர்களின் அதே வம்சாவளியினராக இருந்தும், அகதிகளாகப் பதிவானார்கள். ஒரே மரபினரின் பேரப்பிள்ளைகளில் ஒருவர் அரசு ஊழியராகவும் இன்னொருவர் முகாம்வாசியாகவும் இருப்பதற்குக் காரணம், குடும்பம் கடலைக் கடந்த ஆண்டும் கலமும்தான்.

இலங்கையில் தமிழர்மீது நடந்த 1983 ஜூலை வன்முறைக்குப் பின் வந்த மாணவர்களைத் தமிழகம் மனம் திறந்து ஏற்றது. எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்வி இடங்களை அவர்களுக்கென ஒதுக்கியது. 1984-இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், சோற்றுக்கு அடுத்தபடியாகக் கல்வியை முன்வைத்தது. நாடு திரும்பும் நாளில் படித்த தலைமுறை ஒன்று தேவைப்படும் என்பது அதன் கணக்கு. கோவில்பட்டிக்கு அருகே நல்லாட்டின்புதூரில் நேஷனல் பொறியியல் கல்லூரி தொடங்கியதும் அதே 1984-இல்தான். கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்குப் பொறியியல் கைக்கெட்டிய காலமும் அகதி மாணவருக்குக் கல்லூரி திறந்த காலமும் ஒன்றே. 1991 மே 21-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் எல்லாம் மாறியது. உயர்கல்விச் சலுகை விலக்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைவது தடைபட்டது. கொலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அப்போது பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் இருந்த பிள்ளைகள்தான் அந்த முடிவின் சுமையைத் தாங்கினார்கள். 1996-இல் ஆட்சி மாறிய பிறகு சலுகை திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளி முடித்தவர்களுக்கு அந்த வயது திரும்பவில்லை. சட்டத்தில் வேர்விட்டிருந்தால் இந்த ஐந்தாண்டு இடைவெளி நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கும். அது வெறும் அரசாணையாக இருந்ததால் எளிதில் மறைந்தது.

2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்த 317 கோடி ரூபாய்த் திட்டம் நிச்சயமாகப் பெரிய முன்னேற்றம். முகாம்களில் இடிந்த நிலையிலிருந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரும் அறிவிப்போடு, பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்பதும், கல்லூரி உதவித்தொகை உயர்வும் அதில் அடங்கின. அன்று அரசு தந்த கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையங்களில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே 34,087 பேரும் இருந்தனர். சேர்க்கையும் கட்டணமும் முன்போல் பெருந்தடைகள் அல்ல என்று சொல்லும் நிலைக்கு இத்திட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆகவே தடை எங்கே இடம்பெயர்ந்தது என்று தேட வேண்டியிருக்கிறது.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் தேதிகளில் அந்தத் தடை இருக்கிறது. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது இந்த அடிப்படையில்தான். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3-இல் நடைமுறைக்கு வந்ததும், பெற்றோரில் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. உரிய ஆவணமின்றிப் படகில் வந்தவர்களை அந்த வரையறை அப்படியே உள்ளடக்குகிறது. முகாம் இளைஞரை மணந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு 2004 நவம்பரில் பிறந்த பிள்ளை குடிமகன். 2006-இல் பிறந்த தம்பிக்கு அந்த உரிமை இல்லை. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே பள்ளி. இந்தப் புதிய விதிக்குள் பிறந்த முதல் அணிதான் இப்போது கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறது. நாற்பதாண்டுகளில் கல்லூரிக்குள் மிகத் தாராளமாக வரவேற்கப்பட்ட தலைமுறையே சட்டத்தில் மிகக் கடுமையாக விலக்கப்பட்ட தலைமுறையாகவும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளோடு நிறுத்திக்கொண்டு இலங்கையை விட்டுவிட்டது. கரிசல் குடும்பங்கள் நம்பும் அரசு வேலையும் வெளிநாட்டு வேலையும் குடியுரிமையையும் கடவுச்சீட்டையும் கேட்பவை. அவை இல்லாதபோது பொறியியல் பட்டதாரியும் பெயின்ட் வேலைக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

மூன்று எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உள்ளூர் மாணவரின் இடம் பறிபோகிறது என்பது முதலாவது. முகாம்களில் இருக்கும் அத்தனை பேரையும் சேர்த்தாலும், 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடித் தமிழக மக்களில் ஆயிரத்துக்கு ஒருவர்கூட ஆவதில்லை. பொறியியல் இடங்களோ ஆண்டுதோறும் நிரம்பாமல் கிடக்கின்றன. போர் 2009-இல் முடிந்ததால் அவர்கள் திரும்பிப் போகலாமே என்பது இரண்டாவது. திரும்ப விரும்புவோருக்கும் பட்டம் பயன்படும். ஆனால் இங்கேயே பிறந்து, இலங்கையைப் பார்த்தே இராத மாணவரிடம் திரும்பிப் போ என்பது, அவர் போயே இராத இடத்துக்குத் திரும்பச் சொல்வது. மூன்றாவது வலுவானது: எல்லோருக்கும் இடம் தர இந்தியா சத்திரமா என்ற கேள்வி. 2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே ஏறத்தாழ இப்படிக் கேட்டது. அது தண்டனை பெற்ற ஒருவரின் வழக்கு. அகதிகளுக்கான 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதும் உண்மையே. ஆனால் அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமன்றி எல்லா மனிதர்க்கும் உரியவை. மேலும், மாதந்தோறும் பணக்கொடை வாங்கக் கணக்கெடுக்கப்பட்டு, காவல்துறையின் கியூ பிரிவுப் பதிவேட்டில் பெயரிருக்கும் மக்கள், ஆளறியாமல் எல்லை தாண்டி நுழைந்தவர்கள் அல்லர். தங்களை வரவேற்றுப் பதிந்துகொண்ட அரசிடம், முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நிலையைத் தெளிவுபடுத்தக் கேட்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இதே முடிச்சு விழுந்தது. ஆவணமற்ற குழந்தைகளுக்குப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-இல் டெக்சாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. கல்லூரிக்கு அந்தத் தீர்ப்பு எட்டவில்லை. கலிபோர்னியா 2001-இல் உள்ளூர்க் கட்டணத்துக்கு வழிசெய்தது. பட்டதாரிகளுக்கு வேலை அனுமதி வேண்டுமென்பதை 2012-இல்தான் நிர்வாக ஆணை ஒன்று ஓரளவு ஏற்றது. அதுவும் ஆணையாகவே இருந்ததால் அடுத்த ஆட்சி அதைக் கலைக்க முயன்றது. நம்முடைய 1991 அனுபவத்துக்கு இது அயல்நாட்டுச் சான்று. ஆனால் அங்கே பல்கலைக்கழகங்கள் தம் மாணவருக்காகச் சட்ட உதவி மையங்கள் நடத்தின, நீதிமன்றத்தில் பேசின. நம் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்வதோடு தம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டன.

அங்கேதான் திருத்தம் தொடங்க வேண்டும். கோவில்பட்டி, தூத்துக்குடிக் கலைக்கல்லூரிகள் இணைந்துள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் முகாம் அடையாள அட்டையைப் போதுமான ஆவணமாக ஏற்பதை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டாத நிலையான விதியாகத் தன் ஆட்சிக்குழுவில் நிறைவேற்றலாம். சட்டத்துறை உள்ள பல்கலைக்கழகங்கள் மாணவரின் பிறப்புத் தேதி, பெற்றோரின் வம்சாவளி ஆவணங்களைத் தொகுத்து, குடியுரிமை விண்ணப்பத்துக்கு உதவலாம். மலையக வம்சாவளியினரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி மதுரைக் கிளை 2019 ஜூனில் கூறியது இதற்கு ஊன்றுகோல். மத்தியப் பணிகள் பலவற்றின் தேர்வு விதிகளில், நிரந்தரமாகத் தங்கும் நோக்குடன் இலங்கையிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் தகுதிச் சான்றின் பேரில் விண்ணப்பிக்கலாம் என்ற பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. தாயகம் திரும்பியோர் காலத்து அந்தப் பிரிவை முகாம் பட்டதாரிகளுக்கும் பொருத்துமாறு மாநில அரசு மத்திய அரசை வற்புறுத்தலாம். 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்களித்திருக்கிறது. தண்டிக்கத் தக்கவர்கள் அல்லர் என்று ஏற்றுக்கொண்ட மக்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறைக்குள் தொடர்ந்து வைத்திருப்பதற்கு என்ன நியாயம் என்று அந்த விலக்கை ஆதாரமாகக் காட்டியே இனி வழக்காட முடியும்.