‘நேர்மையான’ என்னும் அடைமொழி: குடிவிடுதலில் சத்தியமும் சம்மதமும்

குடிமறுப்பு வரலாற்றை எழுதுவோர் ஹரி லெவின் 1978இல் வெளியிட்ட ‘அடிமைநோயின் கண்டுபிடிப்பு’ என்னும் கட்டுரையைக் கடந்து செல்வது அரிது. குடிப்பவர் தன் மனத்தின்மீது ஆளுகை இழந்தவர் என்ற எண்ணம் பெஞ்சமின் ரஷ்ஷின் 1784ஆம் ஆண்டுச் சிறுநூலில் தெளிவுபெற்றது; மதுவிலக்கு இயக்கம் அதைப் பரப்பியது; 1935இல் ஒஹாயோவின் அக்ரனில் தோன்றிய, குடியை விட விரும்புவோரின் கூட்டமைப்பான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) அதன் வாரிசு; இடையில் மாறியது நோயின் இருப்பிடம் மதுவிலிருந்து மனிதருக்கு நகர்ந்ததே. இது லெவினின் வாசிப்பு. நோய்க் கருத்தளவில் இதை ஏற்கலாம். ஆனால் யாருடைய சம்மதத்தால் ஒருவர் குடியை விடுகிறார் என்று கேட்டால், அவர் தொடர்ச்சி காணும் இடத்தில் எனக்கு முறிவே தெரிகிறது.

1840இல் பால்ட்டிமோர் மதுச்சாலையொன்றில் ஆறு குடிகாரர் தொடங்கிய வாஷிங்டன் சங்கத்தில் உறுதிமொழிக்குக் கையெழுத்து வாங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் 1920களில் ஊர் வாக்கெடுப்பால் தவறணைகள் மூடப்பட்டபோது, பெரும்பான்மையின் வாக்கு எதிர்த்தவரின் கள்ளுப் பிளாவையும் கவிழ்த்தது. சீவல் தொழிலாளியின் பிழைப்பையும் தொட்டது. அங்கே கரவெட்டி ஊரில், அத்துளு அம்மன் கோயிலாயினும் தச்சந்தோப்புப் பிள்ளையார் கோயிலாயினும், கற்பூரம் அணைத்துச் செய்யும் சத்தியத்துக்கு ஊரே சாட்சி. முறிந்தால் அந்த மனிதருக்குக் கோயில் வீதியிலும் தலைநிமிர முடியாது. ஏ.ஏ.யிலோ கையெழுத்தும் கட்டணமும் இல்லை. இன்றைக்கு மட்டும் குடிக்காதிருந்தால் போதும். தவறியவரின் கதிரை அப்படியே இருக்கும்.

இம்முறிவுக்கு நான் காட்டும் சான்று ஒரே ஒரு சொல். ஏ.ஏ.யின் 1939ஆம் ஆண்டு நூல் முன்னுரை, சேர்வதற்குக் குடியை நிறுத்தும் ‘நேர்மையான’ விருப்பம் வேண்டும் என்றது. ஏ.ஏ.யின் நெறிகளான ‘மரபு’களைச் சுருக்கி 1949இல் வெளியிட்டபோது, மூன்றாம் மரபில் வெறும் விருப்பமே எஞ்சியது. ஆனால் ஏ.ஏ.யின் ‘கிரேப்வைன்’ இதழின் 1947ஆம் ஆண்டு முகவுரையில் இருந்த ‘நேர்மையான’ 1958 வரை நீடித்தது. ஒன்பது ஆண்டுகள் இரு பாடங்களும் அருகருகே வழங்கியிருக்கின்றன. ஆகவே அச்சொல் நீங்கிய ஆண்டு இதுதான் என ஒன்றைச் சுட்ட நான் துணியவில்லை.

ஒரு சொல்லில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏற்றலாம் என்றே அழுத்திச் சொல்வேன். அச்சொல் இருக்கும்வரை வந்தவரின் நெஞ்சை அளக்க ஒருவர் வேண்டும். அது போனதும் அளப்பவரும் போய்விடுகிறார். சத்தியத்தின் சாட்சியும் வாக்கெடுப்பின் பெரும்பான்மையும் சேர்ந்தே விலகுகின்றன. லெவின் நோயைப் பின்தொடர்ந்தார். வாசலில் நின்று அளக்கும் இந்த ஆளை அவர் தேடவில்லை.

கரவெட்டியில் இது ஏட்டுச் சிக்கலன்று. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் ஏ.ஏ. கேட்கும் பெயர் மறைத்தல் கடினம். குடிப்பவர் தானாக வருவது அதைவிடக் கடினம். பெரும்பாலும் மச்சானோ தமையனோ கையைப் பிடித்துத்தான் கூட்டிவருவார்கள். அப்படி வந்தவரின் விருப்பம் அரைகுறையானது, சிலவேளை வீட்டாருக்காகச் சொன்னது. 1939ஆம் ஆண்டுப் பாடத்தின்படி அவர் ஐயத்துக்குரியவர். 1949ஆம் ஆண்டுப் பாடத்தின்படி உட்காரலாம், எழுந்தும் போகலாம். அந்த எழுந்துபோகும் உரிமையே அவரது சம்மதத்தைக் காக்கிறது என்பது என் துணிபு.

அரசு பிடித்துக் கூட்டிவந்தால் கதை வேறு. குடும்பச் சந்திப்புச் சலுகை வேண்டுமானால், சமயக் கூறுகள் கலந்த ஏ.ஏ. முறையிலான திட்டத்தில் சேரவேண்டும் என்று கைதி ஒருவருக்கு விதித்ததை, 1996இல் கிரிஃபின் வழக்கில் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் மதச் சார்பின்மைக்கு முரணானது என்றது. மனைவியின் கண்ணீர் எந்தவகை வற்புறுத்தல் என்பது அந்த மன்றத்தின் முன் வந்த கேள்வியன்று.