ஓம் என்றோர் ஆசிரியர்

பழைய வால்வு அம்பிளிபயரின் முதுகிலே 4, 8, 16 என்று பொறித்த முனைகளைக் கண்டிருப்பீர்கள். அவை ‘ஓம்’ கணக்கு. நமது பிரணவம் அன்று. கொலோன் நகரப் பாடசாலையொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஜோர்ஜ் சைமன் ஓமின் பெயர்.

மின்னோட்டத்துக்கும் தடைக்குமுள்ள உறவை அவர் 1827இல் நூலாக்கினார். ஜேர்மனிய அறிஞர் பலர் மதிக்கவில்லை. மனம் நொந்து பதவி துறந்தார். 1841இல் லண்டன் றோயல் சங்கம் கொப்லி பதக்கம் அளித்தது.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமான அதே 1925இல், அமெரிக்கரான றைஸும் கெலொக்கும் இன்றைய ஒலிபெருக்கிக்கு மூலமான இயங்குசுருள் அமைப்பை வெளியிட்டனர். ஒரு பெட்டி போதாமல் அறைதோறும் பெட்டி வைக்கும் ஆசையும் பின்னர் வந்தது. அங்கேதான் ஓமின் கணக்கு வேண்டும்.

8 ஓம் பெட்டிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 16. சமாந்தரமாக இணைத்தால் 4. அதற்குரிய முனையிலே பூட்டவேண்டும். நான்கையும் சமாந்தரமாக்கினால் 2 ஓம்தான். அதற்கு அங்கே முனையில்லை. மீறிப் பூட்டினால் ஒலி சிதையும். திரான்சிஸ்டர் அம்பிளிபயராயின் சூடேறிக் கருகவும் கூடும். இரண்டிரண்டாகத் தொடராக்கி, அச்சோடிகளைச் சமாந்தரமாக்குங்கள்; மீண்டும் 8.

தம்மவர் கேட்க மறுத்த ஓர் ஆசிரியரின் பாடத்தால்தான் நாம் இன்று பாட்டுக் கேட்கிறோம் என்பதை நினைக்கையில் என் நெஞ்சு நெகிழ்கிறது.