தாமல்செருவுக் கணவாயும் கூட்டுப் பாதுகாப்பின் கணக்கும்

பாகாலா மண்டலத்தைச் சேர்ந்த தாமல்செருவு இன்று மாங்காய்ச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். தமிழறிந்தோர் காதில் 'செரு' என்றதும் போர் என்னும் பழம்பொருள் தோன்றக்கூடும். ஆயினும் இங்குள்ள 'செருவு' ஏரியைக் குறிக்கும் தெலுங்குச் சொல். ஊர்ப்பெயருக்குப் போரோடு தொடர்பில்லை. ஊரின் வரலாற்றுக்கு உண்டு. மேட்டு நிலத்திலிருந்து ஆற்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் வழிகளுள் ஒன்று தாமல்செருவுக் கணவாய். நட்பு அரசுகள் தம் பாதுகாப்பை ஒன்றாகத் திட்டமிடுவது, செலவைப் பகிர்வது, தளவாடங்களைச் சேர்ந்து கொள்முதல் செய்வது ஆகியவை குறித்து இன்று நடைபெறும் விவாதங்களுக்கு இக்கணவாயின் வரலாறு பயன்படும்.

1740ஆம் ஆண்டு மே மாதத்தில் இரகோஜி போன்ஸ்லே தலைமையில் மராட்டியப் படை கர்நாடகத்தின்மீது இறங்கியது. ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கான் கணவாயை மறித்துப் பாளையமிறங்கினார். திருச்சிராப்பள்ளியில் இருந்த மருமகன் சந்தா சாகிபும், மகன் சப்தர் அலியும் தத்தம் படைகளோடு வந்து சேர்வார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. இருவரும் உரிய நேரத்தில் வரவில்லை. மராட்டியர் வேறொரு வழியாக மலையைக் கடந்து பின்புறமிருந்து தாக்கினர். அவ்வழியைக் காக்க நிறுத்தப்பட்டிருந்த படைத்தலைவர் ஒருவரே அவர்களுக்கு இடங்கொடுத்ததாக வரலாற்றாசிரியர் இராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். மே 20ஆம் நாள் நடந்த போரில் நவாபும் அவருடைய மகன் ஒருவரும் மாண்டனர். மறு ஆண்டு மார்ச்சில் திருச்சிராப்பள்ளியும் வீழ்ந்தது. சந்தா சாகிபு சிறைப்பட்டுச் சாத்தாராவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்.

ஆற்காட்டுத் தரப்பில் ஆள்பலம் இருந்தது, பொருளும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு படையும் தன் தலைவனின் கருவூலத்திலிருந்து ஊதியம் பெற்று, அவன் விருப்பப்படியே நகர்ந்தது. ஆபத்து பொதுவாக இருந்தும் செலவும் ஆணையும் பொதுவாக இல்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இதே குறை வேறொரு வடிவில் வெளிப்பட்டது. 1780 ஜூலையில் ஐதர் அலி கர்நாடகத்துள் நுழைந்தபோது, நவாப் முகம்மது அலியும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் கூட்டாளிகள். போரிடுவது கம்பெனியின் பொறுப்பு. பணமும் தானியமும் வண்டிமாடுகளும் தருவதில் நவாபுக்குப் பெரும் பங்கு. கொள்முதல் ஒருவர் கையிலும் போர் இன்னொருவர் கையிலுமாக இருந்ததால் குறை நேர்ந்தபோது ஒருவரையொருவர் பழிக்க வழி பிறந்தது. காஞ்சிபுரத்தில் ஹெக்டர் மன்றோவின் படை தானியத் தட்டுப்பாட்டில் தவித்தது. அருகிலிருந்த பொள்ளிலூரில் செப்டம்பர் 10ஆம் நாள் பெய்லியின் படை அழிந்தது. 1781 டிசம்பரில் நவாப் தம் நாட்டு வருவாய் முழுவதையும் போர்ச் செலவுக்காகக் கம்பெனியிடம் ஒப்படைத்து, ஆறில் ஒரு பங்கை மட்டும் தமக்கு வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் சித்தூர் அருகே தம் பாசறையில் ஐதர் இறந்தபோதும் போர் முடியவில்லை. வருவாய் நிருவாகம் 1785இல் நவாபிடம் திரும்பியது.

இவ்வனுபவத்திலிருந்து பிறந்ததே 1787ஆம் ஆண்டு உடன்படிக்கை. சென்னை ஆளுநர் ஆர்ச்சிபால்டு காம்பெல் வகுத்த திட்டத்தின்படி, கம்பெனி, ஆற்காடு, தஞ்சாவூர் ஆகிய மூன்றும் பொதுப் பாதுகாப்பின் செலவைத் தத்தம் வருவாய்க்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அமைதிக் காலத்தில் நவாப் ஆண்டுக்கு 9 இலட்சம் வராகன் செலுத்துவார். தஞ்சை மன்னர் 4 இலட்சம் வராகன் செலுத்துவார். போர் மூண்டால் ஒவ்வொரு தரப்பும் தன் வருவாயில் ஐந்தில் நான்கு பங்கைப் போருக்கென ஒதுக்க வேண்டும். தாளில் பார்த்தால் இது நேர்மையான ஏற்பாடு. 1740இல் இல்லாத பொதுச் செலவும் பொது ஆணையும் இதில் இருந்தன.

ஆனால் படை முழுவதும் கம்பெனியின் படை. துப்பாக்கி எங்கே வாங்குவது, எத்தனை பட்டாளம் வைப்பது, எந்தக் கோட்டையில் யாரை நிறுத்துவது என்ற முடிவுகளும் அதனுடையவை. மற்ற இருவரும் பணம் செலுத்தினர். அப்பணத்தால் உருவான படையின்மீது அவர்களுக்கு அதிகாரமில்லை. தவணை தவறினால் வருவாய் வசூலில் கம்பெனி தலையிடலாம் என்ற விதியும் இருந்தது.

விளைவு விரைவில் தெரிந்தது. 1790இல் திப்பு சுல்தானோடு போர் தொடங்கியதும் கம்பெனி கர்நாடகத்தின் வருவாயை எடுத்துக்கொண்டது. 1792 உடன்படிக்கை, போர்க் காலத்தில் நாட்டின் நிருவாகமே கம்பெனியிடம் செல்லும் என்றது. நவாபுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பாளையக்காரர் பலரின் கப்பத்தை நேரே வசூலிக்கும் உரிமையும் அதன் கைக்கு வந்தது. 1801 ஜூலை 31ஆம் நாள் அசீம் உத் தௌலா கையெழுத்திட்ட உடன்படிக்கையோடு போர்க்கால விதி நிரந்தர விதியாயிற்று: ஆட்சி கம்பெனிக்கு, வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு.

இந்தக் கணக்குகள் எதிலும் பங்காளிகளாகச் சேர்க்கப்படாதவர்கள் மலையடிவாரத்துப் பாளையக்காரர்கள். சித்தூர்ப் பாளையங்களுள் பாகாலாவும் ஒன்று. காவல் பணிக்கு ஈடாக நிலமும் காவல் வரியும் பெற்றுவந்தவர்கள் இவர்கள். புதிய ஆட்சி அவ்வுரிமைகளில் கைவைத்தது. 1804-05இல் சித்தூர்ப் பாளையங்களில் கிளர்ச்சி எழுந்து படைபலத்தால் அடக்கப்பட்டது. வழியைக் காப்பவனை விலக்கிவிட்டு வகுக்கப்படும் பாதுகாப்பின் பலவீனத்தை 1740ஆம் ஆண்டே காட்டியிருந்தது.

இன்று ஐரோப்பிய ஒன்றியம் உறுப்பு நாடுகள் சேர்ந்து ஆயுதம் வாங்குவதற்காக 15,000 கோடி யூரோ கடன் திட்டத்தை 2025 மே மாதத்தில் ஏற்றது. அத்திட்டத்தில் தொகையைவிடக் கூர்ந்து பேரம் பேசப்பட்டவை வேறு: வாங்கும் கருவியின் உதிரிபாகங்களில் எவ்வளவு வெளியிலிருந்து வரலாம், அதன் வடிவமைப்பை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்பவை. பொதுவாக விதிக்கப்பட்ட வரம்பு, வெளிப்பாகங்களின் மதிப்பு 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது. ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளுக்கும் கம்பெனியின் கூட்டாளிகளுக்கும் ஒப்புமை குறைவு. அங்கே ஒருவர் மற்றவருக்குக் கடன்பட்ட சிற்றரசர் அல்லர். எனினும் கேள்வி ஒன்றே.

1740இன் தோல்விக்குக் கூட்டு நிதியும் கூட்டு ஆணையும் இல்லாமை காரணம். 1801இன் இழப்புக்கு அவை இரண்டும் இருந்தும் ஒரே கையில் இருந்தமை காரணம். கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையைப் படிப்பவர் யார் எவ்வளவு தருகிறார் என்னும் பத்தியோடு நின்றுவிடலாகாது. வாங்கிய ஆயுதம் யார் சொல்லுக்கு நகரும், தவணை தவறினால் என்ன பறிபோகும், விலகும் உரிமை யாருக்கு உண்டு என்னும் பத்திகளையும் தேடிப் படிக்க வேண்டும். ஆற்காட்டின் ஆட்சி அந்தப் பத்திகள் வழியாகவே கைமாறியது.