மதில் யாருடையது? லா கூவெர்த்வாராத் ஊரின் கற்சான்றுகள்

தென் பிரான்சில், அவேரோன் மாவட்டத்தின் லார்சாக் பீடபூமியில், மதில் சூழ்ந்த சிற்றூர் லா கூவெர்த்வாராத். பயண நூல்கள் இதை ‘டெம்ப்ளர்களின் ஊர்’ என்றே அறிமுகப்படுத்துகின்றன. இந்தப் பெயர் பாதி உண்மை. மீதிப் பாதியை அது மறைத்துவிடுகிறது. ஊரின் மதிலை அது எழுந்த ஆண்டுகளோடு சேர்த்துப் படித்தால், அது சிலுவைப்போர் வீரர்களின் நினைவுச் சின்னமல்ல, ஆட்டு மந்தையையும் தானியத்தையும் காக்க எழுந்த அரண் என்பது விளங்கும்.

டெம்ப்ளர் வீரத்துறவியர் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லார்சாக்கில் காலூன்றினர். பாறை முகட்டில் நிற்கும் கோட்டை அவர்களுடையதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் 1307 அக்டோபர் 13 அன்று மன்னர் நான்காம் பிலிப்பின் ஆணைப்படி பிரான்சு முழுவதும் அவர்கள் கைதாயினர். 1312இல் திருத்தந்தை ஐந்தாம் கிளமென்ட் அச்சபையையே கலைத்தார். உடைமைகள் புனித யோவான் சபையினரான ஹாஸ்பிட்டலர்களிடம் சென்றன. பிரெஞ்சுப் புரட்சி வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. டெம்ப்ளர்களின் காலம் ஏறத்தாழ 150 ஆண்டு என்றால், ஹாஸ்பிட்டலர்களின் காலம் அதைப் போல மூன்று மடங்கு. கோட்டையருகே உள்ள புனித கிறிஸ்தோபர் தேவாலயம் 14ஆம் நூற்றாண்டில் இவர்கள் எழுப்பியது.

மதிலும் இவர்கள் காலத்ததே. மூலைகளில் உருண்டைக் கொத்தளங்கள், வடக்கிலும் தெற்கிலும் சதுர வாயிற்கோபுரங்கள் என்று அமைந்த இந்தச் சுற்றுமதில் 1439க்கும் 1445க்கும் இடையில் கட்டப்பட்டது. தலைமைக் கொத்தனார் பெயர் தெயோதா தாலோஸ். இந்த இரண்டு ஆண்டுகளும் கவனிக்கத் தக்கவை. நூறாண்டுப் போரில் 1435இல் அர்ராஸ் உடன்படிக்கை ஏற்பட்டபின், கூலியின்றி விடப்பட்ட படைக்கூட்டங்கள் கொள்ளையில் இறங்கின. காஸ்டிலியப் படைத்தலைவன் ரொத்ரிகோ தே வில்லாந்திராந்தோவின் கூட்டம் 1430களில் லாங்குதோக் பகுதியை அலைக்கழித்தது. இவர்களை அடக்க ஏழாம் சார்ல்ஸ் மன்னர் ஓர்லேயானில் கட்டளை பிறப்பித்தது 1439இல்; அரசின் நிலைப்படையை அமைத்தது 1445இல். அரசு சட்டத்தால் செய்ய முயன்றதை அதே ஆண்டுகளில் லார்சாக்கின் மக்கள் கல்லால் செய்துகொண்டிருந்தனர். இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

மதில் கொள்ளையரைத் தடுக்க எழுந்தது என்பதற்கு இவ்வூரிலேயே வேறொரு சான்று உண்டு, அது தண்ணீர். லார்சாக் சுண்ணாம்புப் பாறை நிலம். பெய்த மழை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். மேலே ஓடையோ ஆறோ நிற்காது. ஆடுகள் குடிப்பது ‘லவோஞ்’ எனப்படும் குட்டையில். வட்டமாகச் சரிந்து இறங்கும் கல்பாவிய பள்ளம் அது. மந்தை விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை கால் வழுக்காமல் நடந்து இறங்கும். லா கூவெர்த்வாராத்தின் லவோஞ் மதிலுக்கு வெளியே இருக்கிறது. இன்றைய கல்பாவலை 15ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. மழைநீர் கூடும் பள்ளம் எங்கே என்பதே கேள்வி. நீண்ட முற்றுகையை எதிர்பார்த்த எவரும் மந்தையின் தண்ணீரை வெளியே விட்டு மதில் எழுப்பமாட்டார். கொள்ளைக் கூட்டம் அப்படியல்ல. அதற்குப் பீரங்கியும் இல்லை, மாதக்கணக்கில் காத்திருக்கப் பொறுமையும் இல்லை. கதவடைத்துச் சில நாள் தாக்குப்பிடித்தால் அடுத்த ஊரைத் தேடிப் போய்விடும்.

வீடுகளும் இதையே சொல்கின்றன. மரம் அரிதான நிலம் என்பதால் கீழ்த்தளத்துக்குக் கல்வளைவே கூரை. ஆடு கீழே, குடும்பம் மேலே. மேல்தளத்துக்கு வெளிப்புறத்திலேயே கற்படி ஏறுகிறது. மதிலுக்குள்ளே தெருவே ஓர் ஆட்டுக்கிடை போல அமைந்திருக்கிறது.

நிலவுடைமைச் சபை தன் வருவாய்க்காகத்தானே மதிலை அனுமதித்தது என்று எதிர்வாதம் வரலாம். அது சரியே. அப்போது ஹாஸ்பிட்டலர்களின் தலைமையிடம் ரோட்ஸ் தீவு. 1444இல் எகிப்தின் மம்லுக்குகள் அதை முற்றுகையிட்டனர். கீழ்த்திசைப் போருக்குப் பணம் லார்சாக் போன்ற பண்ணைகளிலிருந்துதான் போகவேண்டும். எரிந்த ஊர் வரி கட்டாது. சபையின் தேவையும் மேய்ப்பரின் தேவையும் ஒரே மதிலில் சந்தித்தன என்பதே என் முடிவு. டெம்ப்ளர்கள் கலைந்து நூறாண்டுக்குமேல் ஆகியிருந்தது.

தெற்கு வாயிற்கோபுரம் 1912இல் சரிந்தது. வடக்குக் கோபுரம் நிற்கிறது. அதன் அடியில் நுழைகிறவருக்கு முதலில் சொல்லவேண்டிய ஆண்டு 1439, முதலில் சொல்லவேண்டிய பெயர் தெயோதா தாலோஸ்.